தண்ணீர் குடித்த ஃபைபர் படகு: ஊறிப்போன ஃபோமை எடுத்து மாற்றுவது எப்படி

"படகுக்கு வயசாயிடுச்சு, அதான் கனக்குது" என்று என் மாமா மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபைபருக்கு வயதானால் நிறம் மங்கும், விரிசல் விடும்; எடை கூடாது. 24 அடிப் படகு அது. முன்பு கரையேற்றப் பத்துப் பேர் போதும். பிறகு பதினைந்து பேர் மூச்சு வாங்க இழுத்தார்கள். கடைசியில் மேல்தளத்தை அறுத்து, படகு நிரம்பினாலும் மூழ்காமல் இருக்க உள்ளே அடைத்திருந்த ஃபோமைத் தோண்டி எடுத்து, சாக்குச் சாக்காகத் தராசில் ஏற்றினோம். 210 கிலோ வந்தது. அதே அளவு ஃபோம் காய்ந்திருந்தால் 15 கிலோ தேறாது. மீதியெல்லாம் கடல் தண்ணீர். ஒவ்வொரு நாளும் டீசல் செலவழித்து அதைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்பவும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகுகளில் பலவற்றுக்கு இப்போது இருபது வயது ஆகிறது. ஃபோம் ஊறும் வயதுதான். இந்த வேலையைப் பொறுமையுள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யலாம். ஆனால் பழைய ஃபோமை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி புது ஃபோமை ஊற்றி மூடினால் சில வருடங்களில் மறுபடியும் இதே நிலைதான். ஃபோம் கெட்டுப்போனது எதனால் என்று பார்க்காமல் மாற்றுவதில் பலனில்லை.

ஃபோம் ஏன் தண்ணீர் குடிக்கிறது

படகுக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், விரலால் அழுத்தினால் நொறுங்குவது பஃப், அதாவது பாலியூரித்தேன் ஃபோம். வெள்ளை நிறத்தில் மணிமணியாக உதிர்வது தெர்மாக்கோல். இரண்டிலும் காற்று சின்னச் சின்ன மூடிய அறைகளில் அடைபட்டிருக்கும். படகுக்கு ஊற்றும் பஃப் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 32 கிலோ எடை இருக்கும். ஒரு கன மீட்டர் கடல் நீரோ 1,025 கிலோ. அதனால் ஒரு லிட்டர் ஃபோம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மூடிய அறைகள் என்றாலும் எல்லா அறையும் மூடியதில்லை. பஃப்பில் சிறு பங்கு எப்போதும் திறந்தே இருக்கும். அதோடு அலையில் படகு அடிக்கும்போது ஃபோமும் படகின் உடலும் உரசி, ஓரத்து அறைகள் உடைகின்றன. பகல் வெயிலில் சூடாகி இரவில் குளிரும்போது நீராவி மெல்ல உள்ளே போய்த் தங்குகிறது. இவை எல்லாம் சேர்ந்தாலும் ஃபோம் தண்ணீரில் கிடக்காதவரை பெரிய சேதம் இல்லை. தளத்தில் அடித்த ஓர் ஆணித் துளை வழியாகவோ, மீன் பெட்டியின் மூலை விரிசல் வழியாகவோ வரும் தண்ணீர் அடியில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் வருடக்கணக்கில் ஃபோமோடு உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். கட்டியவர்கள் அடிமட்டம் வரை ஃபோமை நிரப்பி அடைத்துவிட்டால் தண்ணீர் ஓட இடம் ஏது?

ஊறிய ஃபோமால் இரட்டை நட்டம். 400 லிட்டர் ஃபோம் 200 கிலோ தண்ணீர் குடித்திருந்தால், அந்த எடையைத் தினமும் சுமக்கிறீர்கள். அதைவிட மோசம், படகு கவிழ்ந்தோ நிரம்பியோ போகும் நாளில் 400 கிலோ தாங்க வேண்டிய ஃபோம் 200 கிலோதான் தாங்கும். நாலு பேர் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாதி இருக்காது.

உடைப்பதற்கு முன் உறுதி செய்யுங்கள்

சந்தேகத்தை வைத்துத் தளத்தை அறுக்காதீர்கள். கரையில் ஏற்றி நாலைந்து நாள் ஆன பிறகும் அடியில் உள்ள தக்கைத் துளையில் இருந்து நீர் சொட்டுகிறதா? ஆளில்லாமல் நிற்கும்போது பழைய நீர்க்கோட்டுக்கு மேலே படகு அமிழ்கிறதா? ஒரு பக்கம் சாய்கிறதா? சின்னச் சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். காய்ந்த இடம் டொக்கென்று ஒலிக்கும். ஊறிய இடம் சத்தமே இல்லாமல் மொத்தென்று இருக்கும்.

இதெல்லாம் ஊகம். உறுதியான சோதனை ஒன்றுதான். வட்டத் துளை போடும் ரம்பத்தால் தளத்தில் ஒரு சிறு துளை போட்டு, உள்ளிருந்து ஃபோம் துண்டு ஒன்றை எடுங்கள். மேல் பக்கம் காய்ந்து அடி ஊறியிருப்பது சகஜம், அதனால் அடிவரை தோண்டுங்கள். ஆனால் உடலைக் குத்திவிடாதீர்கள். ரம்பத்தின் ஆழத்தை டேப் சுற்றிக் குறித்துக்கொள்வது நல்லது. எடுத்த துண்டைச் சதுரமாக வெட்டி அளந்து, சமையலறைத் தராசில் வையுங்கள். பத்து செ.மீ. கனசதுரம் என்றால் சரியாக ஒரு லிட்டர். காய்ந்த பஃப் 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். 100 கிராம் வந்தால் ஊறத் தொடங்கிவிட்டது. 300, 400 கிராம் என்றால் யோசிக்கவே வேண்டாம். அணியத்தில் (முன்பக்கம்) ஒன்று, நடுவில் ஒன்று, கடையாலில் (பின்பக்கம்) ஒன்று என்று மூன்று இடத்திலாவது பாருங்கள். கடையால்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும், எஞ்சின் எடையில் தண்ணீர் அங்கேதான் ஓடிப்போய்த் தேங்குகிறது.

'காயவைத்தால் போதாதா?' என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது. மூடிய அறைக்குள் மெல்ல நுழைந்த நீர் அதே மெல்லத்தான் வெளியே வரும். துளை போட்டு, மின்விசிறி வைத்து, கோடை முழுக்க வைத்திருந்தாலும் மேல் இரண்டு விரல் காயும், அவ்வளவே. ஊறியதை வெட்டி எடுப்பது ஒன்றே வழி.

ஒரு வகைப் படகில் மட்டும் கை வைக்காதீர்கள். உள் தோல், வெளித் தோல் இரண்டுக்கும் நடுவில் ஃபோம் ஒட்டி, மூன்றும் சேர்ந்தே பலம் தரும்படி கட்டியவை உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் வேலர் அப்படித்தான். 1958-ல் வந்த அந்தப் படகை நடுவில் ரம்பத்தால் அறுத்து, பாதிப் படகிலும் மிதந்து காட்டி விளம்பரம் செய்தார்கள். அதில் ஃபோமை எடுத்தால் படகே தொளதொளத்துவிடும். உங்களுடையது வெறுமனே காலி இடத்தை நிரப்பிய ஃபோமா, பலத்துக்காக ஒட்டியதா என்று சோதனைத் துளையிலேயே தெரிந்துவிடும். தனித்தனி உடல், தனித் தளம், இடையில் விலா எலும்பு போலக் குறுக்கே வரும் வங்குகளும் நெடுக்குக் கட்டைகளும் இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

முட்டுக் கொடுப்பதும் அறுப்பதும்

பலரும் அவசரப்படும் இடம் இது. தளம் என்பது நிற்க மட்டும் இல்லை. படகின் இரு பக்கத்தையும் விரியாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். அதை எடுத்தால் உடல் தன் எடையிலேயே வளையும். வளைந்த நிலையில் புதுத் தளத்தை ஒட்டினால், அந்தக் கோணல் நிரந்தரம்.

படகை மட்டமாக நிறுத்தி, மணல் மூட்டைகளை அடிப்பகுதி முழுக்க அணைத்து வையுங்கள். மரக்கட்டை ஒரே புள்ளியில் குத்தும். மணல் மூட்டை உடலின் வளைவோடு ஒத்துப்போகும், கடற்கரையில் காசும் இல்லை. மேல் விளிம்பில் மூன்று இடத்தில் அகலத்தை அளந்து சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, அந்த மூன்று இடத்திலும் குறுக்கே சவுக்குக் கழி கட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை தினம் ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

வேலையைப் பங்குனி முதல் வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் எதுவும் காயாது, ஃபைபரை ஒட்டும் ரெசினும் சரியாக இறுகாது.

தளத்தை முழுதாக எடுக்க வேண்டாம். ஓரம் முழுக்க இரண்டு அங்குல விளிம்பை விட்டு உள்பக்கமாக அறுங்கள். திரும்ப ஒட்டும்போது அந்த விளிம்புதான் உட்கார இடம் தரும். குறுக்கு வங்கு வரும் இடத்தில் பட்டையாக விட்டுவிட்டு, கட்டம் கட்டமாக எடுத்தால் உடல் விரியாது. கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு, தளத்தின் கனத்துக்கு மேல் இறங்காதபடி மெதுவாக ஓட்டுங்கள். எடுத்த துண்டுகளில் எண் போட்டு வைத்தால் அவையே திரும்ப உதவும்.

ஃபைபரை அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் விஷயத்தில் வீரம் வேண்டாம். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. என்95 முகமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் அரிப்பு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

தோண்டுதல்

இதற்கு நுட்பம் எதுவும் இல்லை, உழைப்புதான். பழைய மரம் அறுக்கும் ரம்பத்தால் ஃபோமைச் செங்கல் அளவுக்கு வெட்டிவிட்டு, தட்டையான மண்வெட்டியால் நெம்பினால் பெயர்ந்து வரும். உடலை ஒட்டிய கடைசி அரை அங்குலத்தைச் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் எடுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கரைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பஃப் அதில் கரையாது. தெர்மாக்கோல் கரையும், ஆனால் பசை மாதிரி உடலில் அப்பிக்கொண்டு ரெசின் ஒட்டவிடாமல் செய்யும். மூடிய இடத்தில் பெட்ரோல் ஆவியும் கிரைண்டர் பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எடுத்த ஃபோமைக் கரையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். பஃப் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு சயனைடு வாயுவும் வரும். சாக்கில் கட்டி குப்பை எடுப்பவர்களிடம் கொடுங்கள். கடலில் எறிந்தால் அது உங்கள் வலைக்கே திரும்பி வரும்.

காலியான படகை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை வெயிலிலும் காயாது. அப்புறம் காயவிடுங்கள், குறைந்தது இரண்டு வாரம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளுக்குக் கீழே நீர் வியர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம்.

காயும் காலத்தில் நெடுக்குக் கட்டைகளையும் எஞ்சின் பொருத்தும் பலகையையும் சோதியுங்கள். ஃபைபருக்குள் மரம் வைத்துக் கட்டியிருப்பார்கள். ஃபோம் ஊறிய படகில் அந்த மரம் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். கீழ்ப்பக்கம் சின்னத் துளை போட்டுப் பாருங்கள்: வெளுத்த மரத்தூள் வந்தால் சரி, கறுப்பாக நசநசவென்று வந்தால் மரத்தையும் மாற்றியே ஆக வேண்டும். தண்ணீர் நுழைந்த வழியையும் இப்போதே தேடிப் பிடியுங்கள். மாமாவின் படகில் மூன்று இருந்தன: விளக்குக் கம்பம் பொருத்திய திருகாணித் துளைகள், மீன் பெட்டியின் ஓரம், மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன அடிப்பட்டை. மூன்றாவதை வெளியே இருந்து பார்த்தால் தெரியவே இல்லை. உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியே டார்ச் அடித்தபோது வெளிச்சம் ஊடுருவியது.

எவ்வளவு ஃபோம் வேண்டும்

இருந்த அளவே போதும் என்று நினைக்காதீர்கள். கட்டும்போது 8 குதிரைத்திறன் எஞ்சின் இருந்திருக்கும், இப்போது அதைவிடப் பெரிது ஓடலாம். கணக்கு சுலபம்தான். தண்ணீரில் முழுகிய பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் எடையை இழக்கும். ஃபைபர் நீரைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் முழுகினால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இரும்பில் 100-க்கு 86 பங்கு அப்படியே இருக்கும். அலுமினியத்தில் 100-க்கு 62.

500 கிலோ உடல் என்றால் முழுகிய எடை 165 கிலோ. எஞ்சின் 120 கிலோ என்றால் 103. நங்கூரம், சங்கிலி, கருவிகள் 40 கிலோவுக்கு 34. வலையும் ஈயக் குண்டும் சேர்ந்து 30 என்று வையுங்கள். நாலு பேர் பாதி உடல் நீரில் இருக்கப் படகைப் பிடித்துக்கொள்ள ஆளுக்கு 25 கிலோ, மொத்தம் 100. கூட்டினால் 432. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 520 லிட்டர் ஃபோம். கடையில் கிடைக்கும் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், பத்து செ.மீ. கனமுள்ள தெர்மாக்கோல் அட்டை ஒன்று 50 லிட்டர். பதினோரு அட்டை போதும். உங்கள் படகின் எண்களைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

எங்கே வைப்பது

பழைய ஃபோம் அடியில் இருந்தது. அடியில் மட்டும் மிதக்கும் பொருள் இருந்தால், படகு நிரம்பிய உடனே அது மேலே வரப் பார்க்கும். படகு குப்புறப் புரளும். இரு பக்க மேல் விளிம்புக்குக் கீழே, உயரத்தில் வைத்தால் நிரம்பிய படகு நிமிர்ந்தே நிற்கும். அங்கே வைத்த ஃபோம் அன்றாடம் தண்ணீரைத் தொடுவதும் இல்லை. எஞ்சின் எடையைத் தாங்க கடையாலின் இரு மூலையிலும் கூடுதலாக வேண்டும். மீதியை அணியத்தில் வையுங்கள். அதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால்தான் தளத்துக்குக் கீழே, அதுவும் அடியில் இருந்து இரண்டு அங்குலமாவது தூக்கி, மரச் சட்டம் போட்டு அதன் மேல். ஒவ்வொரு வங்கின் அடியிலும் தண்ணீர் ஓடக் கட்டைவிரல் நுழையும் துளை விட்டு, எல்லாம் கடையால் தக்கைக்கு வந்து சேரும்படி செய்யுங்கள். அடியை அடைத்திருந்த பழைய ஃபோம் தளத்துக்குக் கொஞ்சம் முட்டும் கொடுத்திருக்கும். அதை எடுத்தால் தளம் காலடியில் அமுங்கலாம். இடையில் ஒன்றிரண்டு வங்கு கூடுதலாகப் போட வேண்டிவரும்.

எதை வைப்பது என்பதில் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: வெட்டி வைக்கும் அட்டைகள். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பஃப் எல்லா மூலையையும் நிரப்பும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நம் வெயிலில் கலந்த சில நொடிகளிலேயே பொங்கும். ஒரே நேரத்தில் அதிகம் ஊற்றினால் நடுவில் கருகும், பொங்கும் வேகத்தில் தளத்தையே புடைக்கவைக்கும். ஈரமான இடத்தில் ஊற்றினால் அறைகள் சரியாக மூடாது. அதன் ஆவி நுரையீரலுக்கும் ஆகாது. ஜன்னல் இடுக்கை அடைக்கும் டப்பா ஃபோமை ஒருபோதும் படகில் அடிக்காதீர்கள். அது தண்ணீர் குடிக்கவே பிறந்தது.

அட்டை என்றால் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் எக்ஸ்.பி.எஸ். (தெர்மாக்கோலின் இறுக்கமான உறவு) முதல் தரம், தண்ணீர் மிகக் குறைவாகத்தான் ஏறும். கிடைக்காவிட்டால் அடர்த்தியான தெர்மாக்கோல். எதுவானாலும் கனமான பாலித்தீனில் இரட்டைச் சுற்றாகச் சுற்றி டேப் ஒட்டி, அசையாமல் பட்டை கட்டுங்கள். பாலியஸ்டர் ரெசின் நேரடியாக மேலே பட்டால் அட்டை கண் முன்னே உருகிப் பள்ளமாகிவிடும். ரெசினில் உள்ள ஸ்டைரீன் செய்யும் வேலை அது. காசில்லை என்றால் இறுக்கி மூடிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களும் நன்றாகவே மிதக்கும். மூடியைத் திறந்து பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும் என்பது அதன் பலம். உரசி ஓட்டை விழும் என்பது பலவீனம்.

மூடுதல்

பழைய தளத் துண்டைத் திரும்ப வைத்து இணைப்பின் இரு பக்கத்தையும் சரிவாகத் தேயுங்கள். தளத்தின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் வேண்டும், 4 மி.மீ. தளத்துக்கு ஏறக்குறைய 5 செ.மீ. பளபளப்பு முழுக்கப் போகும்வரை 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடையுங்கள். ரெசினில் நனைத்த 450 கிராம் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஓர் அடுக்கு சுமார் ஒரு மி.மீ. வரும், அப்படியானால் நாலு அடுக்கு. குறுகிய பட்டையில் தொடங்கி அகலமாக்கிக்கொண்டே போங்கள், உருளையால் காற்றை வெளியேற்றிக்கொண்டே.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கடுங்கோடையில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட் போதும். அதிலும் காலை ஏழு மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்குங்கள். நண்பகலில் ஒரு வாளி கலக்கினால் வாளியிலேயே கல்லாகிவிடும்.

மூடும்போது படகில் ஃபோம் வைத்த ஒவ்வோர் அறைக்கும் திருகி மூடும் வட்ட மூடி ஒன்று வைத்துவிடுங்கள். இனி ஆணி அடிக்கவோ திருகாணி போடவோ தளத்தை யாரும் தொடக்கூடாது. கட்டாயம் வேண்டுமென்றால் துளையைப் பெரிதாகப் போட்டு, ரெசின் பசையால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் திருகுங்கள்.

கசிவு சோதிக்கிறேன் என்று சைக்கிள் பம்பால் காற்றடிக்காதீர்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் என்றால் கேட்கவே சின்னதாகத்தான் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் அது 700 கிலோ. புதிதாகப் போட்ட இணைப்பு பிய்ந்துவரும். குழாய் வழியே வாயால் ஊதி, சோப்பு நீர் தடவிக் குமிழி பார்த்தாலே போதும்.

மிதக்கும் சோதனையை இடுப்பளவு ஆழமுள்ள, அலையில்லாத கழிமுகத்தில் செய்யுங்கள். எஞ்சினுக்குப் பதிலாக அதன் முழுகிய எடைக்கு ஈடாக இரும்பைக் கட்டி, படகை நீரால் நிரப்புங்கள். மேல் விளிம்பு இரு பக்கமும் சமமாக நீருக்கு வெளியே தெரிய வேண்டும். நாலு பேர் ஒரே பக்கம் தொங்கினாலும் புரளக்கூடாது. புரண்டால் அடியில் இருக்கும் அட்டையை எடுத்து மேலே மாற்றுங்கள். அதற்குத்தான் அட்டை.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. அதே ஃபோமில் ஒரு லிட்டர் துண்டு வெட்டி, எடையை அதன் மேலேயே எழுதி, பாலித்தீன் சுற்றாமல் கடையால் மூடிக்குள் போட்டுவையுங்கள். வருடா வருடம் பங்குனியில் எடுத்துத் தராசில் வையுங்கள். மாமாவின் துண்டில் 34 கிராம் என்று எழுதியிருக்கிறது. போன பங்குனியில் 37.